கிளேசியர் பேயில் கயாக் பயணம்: ஓதத்தின் நேரப்படி வாழப் பழகுவது எப்படி?

அலாஸ்காவில் உள்ள கிளேசியர் பே என்னும் விரிகுடாவில், துடுப்புப் போட்டுச் செல்லும் ஒடுக்கமான கயாக் படகில் நான்கைந்து நாள் சுற்றி, இரவில் கரையில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறீர்களா? உடைகள் வாங்குவதற்கு முன்பே ஓத அட்டவணையை, அதாவது கடல் மட்டம் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். வழிகாட்டி கூடவே வருகிறாரே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்பீர்கள். நிச்சயம் பார்த்துக்கொள்வார். ஆனால் எப்போது எழுவது, எங்கே சமைப்பது, படகை எதுவரை தூக்கிச் செல்வது, கூடாரத்தை எங்கே அடிப்பது என்று அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது கடல் ஏறி வற்றும் நேரம். இது புரியாதவருக்கு, அதிகாலை நான்கு மணிக்கு வழிகாட்டி வந்து எழுப்பும்போது எரிச்சல்தான் வரும். புரிந்தவர் அதற்கு முன்பே எழுந்து பையைக் கட்டிக்கொண்டிருப்பார்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1794-இல் பிரிட்டிஷ் கடலோடி வான்கூவரின் ஆய்வுக் கப்பல்கள் இந்தப் பக்கம் வந்தபோது இங்கே விரிகுடா என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பனியாறு வாசல்வரை அடைத்துக்கொண்டு நின்றது. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் முயிர் வந்தபோது பனி பல பத்துக் கிலோமீட்டர் உள்வாங்கியிருந்தது. 1916-க்குள் அது சுமார் நூறு கிலோமீட்டர் ஆகிவிட்டது. பனி முன்னேறி வருவதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் ஹூனா டிலிங்கிட் மக்கள். பயணம் தொடங்கும் இடமான பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுடைய பெரிய மரவீடு 2016-இல் எழுப்பப்பட்டது. படகு ஏறும் அவசரத்தில் அதைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். இந்த வரலாற்றைக் கரையோர மரங்களிலும் படிக்கலாம். வாசல் பக்கம் பாசி தொங்கும் அடர்ந்த ஸ்புரூஸ் காடு. உள்ளே போகப் போக மரங்கள் குட்டையாகிப் புதராகும். பனியாற்றின் அருகே வெறும் பாறைதான் மிஞ்சும்.

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவிலிருந்து இங்கே சாலை கிடையாது. விமானத்திலோ ஃபெரியிலோ குஸ்டாவஸ் ஊருக்குப் போய், அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர் தரைவழியாகப் பார்ட்லெட் கோவ் போக வேண்டும். அடுப்பு எரிபொருளையும் கரடி விரட்டும் ஸ்பிரேயையும் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அவற்றை வழிகாட்டி நிறுவனம் தருமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இது தேசியப் பூங்கா என்பதால், மே முதல் செப்டம்பர்வரை கரையில் தங்குவதற்குப் பூங்காவின் அனுமதிச் சீட்டு வேண்டும். அது இலவசம். ஆனால் பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் நடத்தும் அறிமுக வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். அதைச் சடங்காக நினைக்காமல் முன்வரிசையில் உட்காருங்கள். அந்த வாரம் எந்தக் கரையில் கரடி நடமாடுகிறது என்பதை அவர்களை விட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அவருக்குக் காட்டுப்பகுதி முதலுதவிப் பயிற்சி உண்டா, சாட்டிலைட் தொலைபேசி எடுத்துவருவாரா, காற்று பலமாக இருந்தால் ஒரு நாள் கரையிலேயே தங்குவதற்குத் திட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். "எல்லா நாளும் நிச்சயம் துடுப்புப் போடுவோம்" என்று உறுதி தருகிறவரோடு நான் போக மாட்டேன்.

உள்ளே விரிகுடா இரண்டு கைகளாகப் பிரிகிறது. மேற்குக் கையில் மார்ஜரி போன்ற, இன்றும் கடலில் இறங்கும் பனியாறுகள் உண்டு. சுற்றுலாக் கப்பல்களும் அங்கேதான் வரும். கிழக்குக் கை முயிர் இன்லெட் (இன்லெட் என்றால் நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்பகுதி). முயிர் பனியாறே 1990-களில் கடலை விட்டுப் பின்வாங்கிவிட்டது. ஆனால் அங்கே உள்ள அமைதிக்கு ஈடில்லை. கோடையின் ஒரு பகுதியில் அதன் மேல்பாகத்தில் இயந்திரப் படகுகளுக்குத் தடையும் உண்டு. என்னைக் கேட்டால் முதன்முறை போகிறவர்களுக்குக் கிழக்குக் கையைத்தான் சொல்வேன். மேற்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இன்லெட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மே, ஜூனைத் தவிர்த்துவிடுங்கள். சீல்கள் (கடல்நாய்கள்) பனிக்கட்டிகளின் மேல் குட்டி ஈனும் காலம் என்பதால் அந்த இரண்டு மாதமும் உள்ளே எந்தப் படகுக்கும் அனுமதி இல்லை.

உடை விஷயத்தில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியும் செயற்கை இழையும் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். மழைக்கோட்டு கனமானதாக, ரப்பர் பூச்சு உள்ளதாக இருக்கட்டும். நாள் முழுவதும் தூறும் மழையில் மெல்லிய நாகரிகக் கோட்டுகள் மதியத்துக்குள் தோற்றுவிடுகின்றன. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். கயாக்கில் ஏறுவதும் இறங்குவதும் தண்ணீரில் நின்றபடிதான். கொசுவலைத் தொப்பி ஒன்று. ஜூனில் இரவு என்பதே பேருக்குத்தான், அதனால் கண்ணை மூடிக் கட்ட ஒரு துணி. கூடாரம் முளை அடிக்காமலே தானாக நிற்கும் வகையாக இருக்கட்டும். சரளைக் கரையில் முளை இறங்காது, கயிற்றைக் கற்களில்தான் கட்ட வேண்டும்.

சாமான்களைச் சின்னச் சின்ன நீர்புகாப் பைகளில் பிரித்துக் கட்டுங்கள். கயாக்கின் மூடித் துவாரம் சிறியது, பெரிய பை நுழையாது. கனமானவை அடியிலும் நடுவிலும், இலேசானவை இரு முனைகளிலும். உணவெல்லாம் கரடி திறக்க முடியாத டப்பாக்களில் போகும். அவற்றைப் பூங்காவே இரவல் தருகிறது. டப்பா உருண்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் அதை முதலில் வைத்துவிட்டு, மீதி இடத்தில் துணிப்பைகளைத் திணியுங்கள்.

நானும் என் மகளும் இரட்டைக் கயாக்கில் போனோம். இரட்டைப் படகில் முன்னால் இருப்பவர் வேகத்தை நிர்ணயிப்பார், பின்னால் இருப்பவர் காலால் சுக்கானைத் திருப்புவார். ஐம்பதைத் தாண்டிய நான் முன்னால், அவள் பின்னால். "அம்மா, நீங்கள் உங்கள் வேகத்தில் போடுங்கள், நான் சேர்ந்துகொள்கிறேன்" என்றாள். அதுதான் சரியான ஏற்பாடு. வலுக்குறைந்தவர் முன்னால் உட்கார்ந்தால் துடுப்புகள் மோதாது, யாரும் யாரையும் துரத்த வேண்டியதும் இல்லை. துடுப்பைக் கையால் இழுக்காதீர்கள், இடுப்பிலிருந்து உடலைத் திருப்பிப் போடுங்கள். பிடி தளர்ந்திருக்கட்டும். இறுக்கிப் பிடித்தவர்களின் மணிக்கட்டு இரண்டாம் நாளே வீங்கிவிடும்.

இனி ஓதம். இங்கே பெரிய ஓத நாட்களில் கடல் மட்டம் ஏழரை மீட்டர்வரை ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது உச்சத்தில் இருக்கும். ஏற ஆறு மணி நேரம், வற்ற ஆறு மணி நேரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏறுவது ஒரே சீராக இருக்காது. முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு பங்கு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதிக் கடல் ஏறிவிடும். பெரிய ஓத நாளில் அது மணிக்கு ஓர் ஆள் உயரம்.

எங்கள் வழிகாட்டி கரை இறங்கியதும் தண்ணீரின் விளிம்பில் முட்டையளவு வெள்ளைக் கல் ஒன்றை வைத்தார். அதற்கு மேலே, ஒவ்வொரு பாதத்தூரத்துக்கும் ஒன்றாக, இன்னும் ஐந்து கற்கள். அடுப்பைப் பற்றவைத்துத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தோம். முதல் கல்லைச் சுற்றி நுரை வந்தது, விலகியது, மறுபடி வந்து விலகாமல் நின்றது. பிறகு கல் பச்சை நிறமாகத் தெரிந்தது, அதன் பிறகு தெரியவில்லை. தண்ணீர் கொதிப்பதற்குள் நான்காவது கல்லும் போய்விட்டது. அலையே இல்லை, சத்தமும் இல்லை. கடல் நம்மை நோக்கி வருவது தெரியாமலே வரும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்களும் முதல் நாளே இப்படிக் கற்களை வைத்துப் பாருங்கள்.

இதிலிருந்து வருபவைதான் மற்ற எல்லா வேலைகளும். கூடாரம் அடிப்பதற்கு முன், காய்ந்த கடற்பாசியும் சுள்ளிகளும் ஒதுங்கிக் கிடக்கும் வரிகளைத் தேடுங்கள். அவற்றில் மிக மேலே இருப்பதற்கும் மேலே போங்கள். அன்றிரவின் உயர் ஓதம் நேற்றையதை விடப் பெரியதா என்று அட்டவணையில் பாருங்கள், வரி நேற்றைய கணக்கை மட்டுமே சொல்லும். ஓதம் வற்றியிருக்கும்போது கரை இறங்கினால் படகைச் சேற்றிலும் கற்களிலும் நூறு மீட்டர் தூக்க நேரிடும். சாமான்களோடு தூக்காதீர்கள், இடுப்பு போய்விடும். காலியாக்கி, நான்கு பேர் சேர்ந்து தூக்கி, புதரிலோ பெரிய கல்லிலோ கட்டுங்கள். இதனால்தான் நல்ல வழிகாட்டிகள் உயர் ஓதத்தை ஒட்டியே புறப்படவும் கரை சேரவும் பார்க்கிறார்கள். நான்கு மணிக்கு எழுப்புவதும் அதனால்தான்.

சமையலும் ஓதக் கணக்கில்தான். கூடாரத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி, கடல் ஏறி மூடப்போகும் பகுதியில் சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரத்தையும் அங்கேயே கழுவ வேண்டும். சிந்திய பருக்கையையும் வாசனையையும் அடுத்த ஓதம் வந்து கொண்டுபோய்விடும். கரடிக்குக் கரைதான் நடைபாதை. கருங்கரடியும் பழுப்புக் கரடியும் கடற்கரைப் புல்லையும் பாறையில் ஒட்டிய சிப்பிகளையும் தின்றுகொண்டே நடக்கும். பற்பசை, சோப்பு, உதட்டுக்குப் பூசும் களிம்பு எல்லாம் டப்பாவுக்குள். கூடாரத்தில் ஒரு மிட்டாய்கூட வேண்டாம். புதர்களுக்குள் போகும்போது பேசிக்கொண்டே போங்கள். கரடி எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். எல்லோரும் சேர்ந்து நின்று, அமைதியாகப் பேசியபடி பின்வாங்குங்கள். கரையில் சிப்பி பொறுக்கித் தின்னும் ஆசையும் வேண்டாம், அலாஸ்கா சிப்பிகளில் பக்கவாத நச்சு இருக்கக்கூடும். சமைத்தாலும் அது போகாது.

தண்ணீரின் குளிரைப் பற்றி நான் மிகைப்படுத்தவில்லை. ஐந்து டிகிரியை ஒட்டிய கடலில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. அடுத்த பத்து நிமிடங்கள்தான் கைகால்கள் நம் சொல் கேட்கும். அதனால் உயிர்காப்பு அங்கியைத் தண்ணீரில் இருக்கும்வரை அவிழ்க்காதீர்கள். படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திப் போகாமல், பிடித்துக்கொண்டு ஏறப் பாருங்கள். வழிகாட்டி முதல் நாள் இதைச் செய்துகாட்டச் சொன்னால் வெட்கப்படாமல் செய்யுங்கள்.

பனிக்கட்டிகளுக்கு வருவோம். மிதக்கும் கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்கடியில் இருக்கிறது. உருகும்போது எடை மாறித் திடீரென்று புரளும். எவ்வளவு அழகான நீலமாக இருந்தாலும் அதன் மேல் ஏறாதீர்கள், உரசிப் போகாதீர்கள். அதன் உயரத்தைப் போலப் பல மடங்கு தள்ளி நில்லுங்கள். கை அளவுத் துண்டுகள் பயமில்லை. அவற்றின் நடுவே துடுப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பனிக்குள் நெடுங்காலமாக அடைபட்ட காற்றுக் குமிழ்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும் சடசடப்பு நான்கு பக்கமும் கேட்கும். கட்டியின் மேல் சீல் படுத்திருந்தால் சுற்றிப் போங்கள். தலை தூக்கிப் பார்க்கிறது என்றாலே நாம் நெருங்கிவிட்டோம். பயந்து தண்ணீரில் இறங்கினால் குட்டிதான் குளிரில் வாடும்.

மார்ஜரியின் முகப்பு கடலுக்கு மேல் சுமார் 75 மீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே மரம் எதுவும் இல்லாததால் தொலைவு கண்ணை ஏமாற்றும். இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். போகக் கூடாது. கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர், என்பது கீழெல்லை, அதைவிட விலகி நிற்பதே நல்லது. முகப்பிலிருந்து பெரிய துண்டு விழுந்தால் முதலில் பார்ப்போம், இடி போன்ற சத்தம் பிறகு வரும், அலை அதற்கும் பிறகு. அலை வரும்போது படகின் மூக்கை அதற்கு நேராகத் திருப்பி, ஆழமான தண்ணீரிலேயே இருங்கள். ஆழத்தில் அது மெதுவாக ஏற்றி இறக்கிவிட்டுப் போகும். கரையோர ஆழமற்ற தண்ணீரில்தான் உடைந்து அடிக்கும். அதனால் பனியாற்றின் அருகே உணவுக்காகக் கரை இறங்கினாலும், ஐந்து நிமிட வேலைதான் என்றாலும், படகை மேலே தூக்கிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

குடிநீரைத் தெளிந்த ஓடைகளில் எடுங்கள். பனியாற்றிலிருந்து நேரே வரும் சாம்பல்நிறத் தண்ணீரில் உள்ள மாவு போன்ற வண்டல் வடிகட்டியை அடைத்துவிடும். மலக்கழிவை என்ன செய்வது என்பதை ரேஞ்சர்கள் வகுப்பில் சொல்வார்கள். காகிதத்தை மட்டும் பையில் கட்டித் திரும்ப எடுத்துவாருங்கள்.

திரும்பும் நாள் கூட்டிச்செல்ல வரும் படகு, குறித்த கரைக்குக் குறித்த நேரத்தில் வரும். அது மற்ற பயணிகளையும் ஏற்றி வருவதால் உங்களுக்காகக் காத்திருக்காது. வாசல் பக்கம் உள்ள சிட்டகடே என்னும் குறுகிய நீர்வழியில் நீரோட்டம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டரையும் தாண்டும் என்பதால், அந்தப் படகைத் தவறவிட்டுவிட்டுக் கயாக்கிலேயே பார்ட்லெட் கோவ் போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பே கூடாரத்தைப் பிரித்து, கயாக்கைக் காலியாக்கி, சுக்கானை மடக்கி, பைகளைத் தண்ணீர் விளிம்பில் வரிசையாக வையுங்கள். ஓதம் ஏறும் நேரமாக இருந்தால் விளிம்புக்குச் சற்று மேலே வையுங்கள்.