மூகாம்பிகை போகும் வழியில் ஒரு எரிமலைத் தீவு: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எப்படிப் போவது

பாலக்காட்டை அடுத்த எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மூகாம்பிகைக்கு வேன் பிடிப்பவர்கள் உடுப்பி கிருஷ்ணனையும் கும்பிட்டுவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுவார்கள். அந்த வழியில் வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பகல் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடுப்பியிலிருந்து ஆறு கிலோமீட்டரில் மல்பே துறைமுகம். அங்கே படகு ஏறினால் அரை மணிக்குள் செயின்ட் மேரீஸ் தீவு.

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும், படகு கிடையாது. இது தெரியாமல் நான் ஒரு ஆடி மாதத்தில் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனேன். மல்பே கரையில் குடை பிடித்தபடி பஜ்ஜி தின்றதுதான் மிச்சம். பின்சீட்டில் இருந்த அத்தை கோழிக்கோடு வரும்வரை என் முகத்தையே பார்க்கவில்லை. தை, மாசிதான் என் கணக்கில் நல்ல மாதங்கள்.

பாலக்காடு, கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு, மங்களூரு, உடுப்பி என்று ஏறக்குறைய 420 கிலோமீட்டர். பத்து மணி நேரத்துக்குக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள். சாயங்காலம் கிளம்புவதுதான் சரி. வேன் வேண்டாம் என்றால் பாலக்காடு ஜங்ஷனில் ராத்திரி ரயில் ஏறி மங்களூரு சென்ட்ரலில் இறங்குங்கள், அங்கிருந்து உடுப்பிக்கு பஸ் இருக்கிறது. ரோட்டு வழியில் கோழிக்கோடு தாண்டியதும் காப்பாடு வரும், வாஸ்கோடகாமா 1498-ல் வந்து இறங்கிய கரை. அதே ஆள்தான் இந்தத் தீவிலும் சிலுவை நட்டு மேரி மாதா பெயரை வைத்தான் என்பார்கள். வண்டியில் தூங்காமல் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை ஆச்சு.

மல்பேயில் காலையிலேயே, முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். பத்தரைக்கு மேல் அந்தக் கறுப்புப் பாறை தோசைக்கல்லாகிவிடும், தீவில் நிழலும் குறைவு. முடிந்தால் கடல் நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பாருங்கள், போனிலேயே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக இறங்கும், பாறைகளின் அடிவரை பார்க்கலாம். கழிப்பறை வேலையைக் கரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், பின்பக்கம் வார் வைத்த செருப்பு. சில நாள் பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டிவரும், அதனால் பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் எல்லோரும் போட்டோ எடுக்க நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்காதீர்கள். கூட்டத்தைத் தாண்டி நடந்து, பாறைத் தூண்கள் வரும் இடத்தில் குனிந்து தலைப்பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் ஆறு மூலை, சிலதில் ஐந்து, சிலதில் ஏழு. உளி வைத்துச் செதுக்கி நெருக்கி நட்டது போல இருக்கும். நம்ம பக்கத்துக் கரிசல் காடு பங்குனியில் வெடித்துக் கிடக்குமே, அதே சங்கதிதான். அங்கே சுருங்குவது காய்ந்த மண், இங்கே சுருங்கியது ஆறிய எரிமலைக் குழம்பு. வெளியே ஆறத் தொடங்கி, வெடிப்பு உள்ளே இறங்க இறங்கத் தூண் தூணாகப் பிரிந்துவிட்டது. சுமார் 8.8 கோடி வருடத்துக்கு முன், மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தில் வந்த குழம்பு. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று அரசு அறிவித்த இடம், ஒரு சில்லு கூட எடுத்துப் பையில் போடாதீர்கள்.

அந்த ஆடி மாதத்து அத்தையை அடுத்த தை மாதம் மறுபடி கூட்டிப்போனேன். படகுக்காரர் கொடுத்த நேரம் முழுக்க அவர் மூலை எண்ணிக்கொண்டே இருந்தார். “கண்ணு, இங்க ஒண்ணு ஏழு!” என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கும் எண்ணும் பழக்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

பாசி பிடித்த ஈரப்பாறையில் ஏறவே ஏறாதீர்கள், அது எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். காவலர் விசில் அடித்தால் தண்ணீரிலிருந்து வெளியே வந்துவிடுங்கள், அங்கே வாதம் வேண்டாம். கரையில் மணலைவிட நொறுங்கிய சிப்பிதான் அதிகம், வெறுங்காலில் பிள்ளைகளை ஓடவிட்டால் காலைக் கிழிக்கும்.

திரும்பி வந்ததும் மல்பேயிலேயே மீன் சாப்பாடு சாப்பிடலாம். கோயிலுக்கு விரதத்தில் போகிறவர்கள் உடுப்பிக்கே வந்துவிடுங்கள், அங்கே சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. மூகாம்பிகை கோயில் இருக்கும் கொல்லூர் அங்கிருந்து இன்னும் 75, 80 கிலோமீட்டர், மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்கால தீபாராதனைக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். வண்டியில் ஏறும் முன் கால் மணலைத் தட்டிவிட்டு ஏறுங்கள், கழுவுகிறவன் நான்தான்.