பாறையிலிருந்து ஒரு பிரஷ்

டிஜிட்டல் ஓவியத்துக்குச் சொரசொரப்பு வேண்டுமா? பிரஷ் பேக்குக்குக் காசு கொடுக்காமல் கிருஷ்ணகிரி மலைப் பாறையையோ மல்லச்சந்திரம் கற்திட்டையின் (பெருங்கற்கால ஈமச்சின்னம்) பலகையையோ போனில் எடுங்கள். காலை 7 மணிக்குள், இல்லாவிட்டால் மாலை 5-க்கு மேல். வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் குழியும் மேடும் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

கிம்ப் (GIMP) என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் 2048 பிக்சல் சதுரமாக வெட்டி, கருப்பு வெள்ளையாக்குங்கள். பலர் சொதப்புவது இதற்கு அப்புறம்தான். ஒரு மூலை மட்டும் வெளிச்சமாக இருந்தால், பிரஷ் ஓட்டும்போது கட்டம் கட்டமாகத் தெரியும். ஹை பாஸ் ஃபில்டரை 60 அளவில் போட்டால் வெளிச்சம் சமனாகும். பிறகு லெவல்ஸில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றுங்கள். ஆஃப்செட் 1024 கொடுத்து ஓரங்களை நடுவுக்குத் தள்ளி, அங்கே வரும் ஒட்டுக்கோட்டைக் குளோன் டூலால் மறையுங்கள். பெரிய பாசித் திட்டு இருந்தால் அதையும்தான், திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கோடு எடுப்பாகத் தெரியட்டும் என்று கற்திட்டையில் சாக்பீஸ் மட்டும் தேய்க்காதீர்கள்.