பல்லைப் பிடுங்கிவிட்டுப் பந்தியில் உட்காராதீர்கள்: இதய அறுவைக்கு முன் செட்டிநாடு வருவோருக்கு

மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் எங்கள் அண்ணனுக்கு இதயத்தின் அயோர்ட்டிக் வால்வை மாற்ற நாள் குறித்துவிட்டார்கள். மாசி நடுவில் ஆபரேஷன். தையில் ஊரில் பங்காளி வீட்டுக் கல்யாணம். மருத்துவமனை கொடுத்த தாளில் ஒரு வரி இருந்தது: பல் மருத்துவரிடம் காட்டி, வாயில் நோய்த்தொற்று இல்லை என்று கடிதம் வாங்கி வரவும். நம் ஆட்கள் அந்த வரியை எப்படிப் படிப்பார்களோ அப்படியே அண்ணனும் படித்தார். "ஊருக்குத்தானே போறோம். அங்க பல் வேலை சல்லிசு. ரொம்ப நாளாத் தள்ளிப்போட்ட மூணு பல்லையும் கட்டிக்கிட்டு வந்துரலாம்."

கூடவே போன எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தப்பு என்று தெரிய ஒரு வாரம் ஆனது, அதற்குள் கொஞ்சம் பணமும் போனது. இதய அறுவைக்கு முன்னால் செய்கிற பல் வேலைக்கு ஒரே காரணம்தான்: வாயில் ஒளிந்திருக்கும் கிருமியை அகற்றுவது. பல் கட்டுவது, இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைப்பது, வெள்ளையாக்குவது எல்லாம் ஆபரேஷன் முடிந்து, உடம்பு தேறி, இதய மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு. இம்பிளான்ட் எலும்போடு பிடிக்கவே பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நாங்கள் முதலில் போன இடத்தில் இதைச் சொல்லாமல், மூன்று இம்பிளான்ட்டுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். கேட்காமல் கொடுத்தது எங்கள் பிழை.

இரண்டாவதாகப் பார்த்த காரைக்குடி மருத்துவர் அண்ணனை நாற்காலியில் உட்காரவே விடவில்லை. "ஹார்ட் டாக்டர் லெட்டர் எங்க?" என்றார். இல்லை என்றதும், "அப்ப இன்னைக்குப் படம் மட்டும் எடுத்துட்டுப் போங்க." வெளியே வந்த அண்ணனுக்குக் கோபம். அந்த மருத்துவருக்கு இன்று வரை நன்றி சொல்கிறோம்.

அந்தப் படத்துக்கு ஓ.பி.ஜி. என்று பெயர். இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரடியில் மிளகு அளவுக்கு ஒரு கருப்பு. "இது வலிக்கவே இல்லையே டாக்டர்" என்றார் அண்ணன். "வலிச்சிருந்தா போன வருஷமே வந்திருப்பீங்க. வலிக்காம சீழ் கட்டி உக்காந்திருக்கு."

பல்லுக்கும் வால்வுக்கும் என்ன தொடர்பு என்பதற்கு அந்த மிளகுதான் பதில். வாயில் எப்போதும் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள், ஈறு பழுத்திருந்தாலோ வேரடியில் சீழ் இருந்தாலோ எளிதாக இரத்தத்தில் கலக்கும். சாதாரணமாக உடம்பே சமாளித்துவிடும். புதிதாக வைத்த வால்வு அங்கே இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு வளரும். எண்டோகார்டைடிஸ் என்கிறார்கள். வந்துவிட்டால் வாரக்கணக்கில் நரம்பு வழி ஊசி மருந்து, சிலருக்கு வால்வை மறுபடி மாற்றும் ஆபரேஷன், உயிருக்கே ஆபத்தும் உண்டு. பைபாஸ் மட்டும் என்றால் இவ்வளவு கண்டிப்பு எல்லா இடத்திலும் இருக்காது. உங்கள் அறுவை மருத்துவர் கேட்டால் செய்யுங்கள்.

நாள் கணக்குதான் பெரிய விஷயம்

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2015 வழிகாட்டி, செயற்கை வால்வு வைப்பதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே வாயிலுள்ள தொற்றை அகற்றிவிட வேண்டும் என்கிறது. அவசர ஆபரேஷன் என்றால் மட்டும் விலக்கு. பல் பிடுங்கிய பள்ளத்தின் மேல் ஈறு மூடவும் ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். ஆகவே ஆபரேஷன் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பதினான்கு நாளைக் கழியுங்கள். விமானப் பயணம், ஊர் போய்ச் சேர்ந்த களைப்பு, புண் ஆறாமல் ஒரு முறை மறுபடி காட்ட வேண்டி வந்தால் அதற்கு என்று இன்னும் ஒரு வாரத்தைக் கழியுங்கள். மிஞ்சுகிற நாள் ஊரில் நீங்கள் இருக்கும் நாட்களுக்குள் விழவில்லை என்றால், பல் வேலையை இருக்கிற ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

நாங்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு வந்து இறங்கினோம். கடிதம் வர மூன்று நாள். கல்யாணம் முடிந்து பல்லை எடுத்து, கிள்ளான் திரும்பியபோது ஆபரேஷனுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அங்கே பார்த்துவிட்டுத் தேதியைத் தள்ளி வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல் பிடுங்குவது சின்ன வேலை என்று நினைக்கிறோம். இதயம் கெட்டிருக்கும் ஆளுக்கு அப்படி இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதய ஆபரேஷனுக்கு முன் பல் பிடுங்கிய 205 பேரைப் பார்த்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 8 சதவீதம் பேருக்குப் பெரிய பாதிப்பு வந்திருந்தது; இறந்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் ஏற்கெனவே கடுமையான நோயாளிகள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும், எந்தப் பல்லை எடுக்கலாம், எதை வேர் சிகிச்சையோடு விடலாம், எதைத் தொடவே கூடாது என்பதைப் பல் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நம் அவசரமோ விமான டிக்கெட்டோ அதை முடிவு செய்யக் கூடாது.

கையில் என்ன இருக்க வேண்டும்

கிளம்பும் முன்பே இதய மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். என்ன நோய், என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, என்ன மருந்து, பல் எடுக்கும் நாளில் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை என்ன செய்ய வேண்டும், கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் தேவையா என்பது அதில் இருக்கட்டும். கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையின் நகலும் சேரட்டும்.

மாத்திரைகளை மருந்துப் பெயரால் எழுதிக்கொள்ளுங்கள், கடைப் பெயரால் வேண்டாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கார்டிப்ரின் என்று வாங்குவதும் காரைக்குடியில் எகோஸ்பிரின் என்று கிடைப்பதும் ஆஸ்பிரின்தான். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர், இங்கே பலருக்கும் எழுதித் தரும் அசிட்ரோமை அதற்குப் பதிலாக வாங்கிப் போட்டுவிடக் கூடாது. அது வேறு மருந்து, அளவும் வேறு. வார்ஃபரின்காரர்கள் பல் எடுப்பதற்கு முந்தைய நாளோ அன்றோ இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டு தாளோடு போக வேண்டும்.

"பல் புடுங்கப் போறோம், ஆஸ்பிரினை நாலு நாள் நிறுத்திருங்க" என்று ஊரில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். சொந்தக்காரராக இருப்பார், அன்போடுதான் சொல்வார். கேட்காதீர்கள். இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் (வலைக்குழாய்) வைத்தவர் நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். ஈறில் வரும் இரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும், தையல் போட்டும் நிறுத்திவிடலாம்.

எங்கே செய்வது

சுத்தம் செய்வது, சொத்தை அடைப்பது, படம் எடுப்பது எல்லாம் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ போதும். புதுக்கோட்டையில் 2023 முதல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் வால்வு மிகவும் சுருங்கியவர், நெஞ்சு வலி அடிக்கடி வருபவர், ஒரே நேரத்தில் நாலைந்து பல் எடுக்க வேண்டியவர் மதுரைக்கோ திருச்சிக்கோ போய், இதயப் பிரிவும் பல் பிரிவும் ஒரே கட்டடத்தில் இருக்கும் மருத்துவமனையில் செய்துகொள்வதே நல்லது. காரைக்குடியிலிருந்து இரண்டு ஊரும் தொண்ணூறு கிலோமீட்டர் வாக்கில்தான். ஆபரேஷனையே இங்கே வைத்துக்கொள்பவர்களுக்குப் பேச்சே இல்லை. ஆபரேஷன் செய்யும் இடத்திலேயே பல்லையும் காட்டுங்கள்.

காலை நேரமாகக் கேளுங்கள். ஊரில் பல் கிளினிக் களைகட்டுவது சாயங்காலம்தான். அப்போது இரத்தம் நிற்காவிட்டால் இரவில் யாரைத் தேடுவது? அன்று கானாடுகாத்தானிலோ கொத்தமங்கலத்திலோ இருக்கும் பெரிய வீட்டுக்குத் திரும்பாமல் டவுனிலேயே ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். பாட்டன் கட்டிய வீடாக இருக்கலாம், முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு வரை நடப்பதற்குள் இதய நோயாளிக்கு மூச்சு வாங்கும். நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ 108 ஆம்புலன்ஸ்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் இதய நோயை இன்னொரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும், இதயத் துடிப்பைக் கூட்டும் அட்ரினலின் கலந்திருக்கும். தெரிந்தால் மருத்துவர் அளவைக் கட்டுப்படுத்துவார். முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள்.

அண்ணனுக்குப் பல்லை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் பஞ்சைக் கடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், ஆஸ்பிரின் புண்ணியத்தில். அண்ணமிண்டி (அண்ணனின் மனைவி) பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, "இன்னும் செகப்பாத்தான் இருக்கு" என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள்.

வலிக்கு பாரசிட்டமால் போதும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறாவை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு கூடும், இதயம் பலவீனமானவர்களுக்கு உடம்பில் நீர் தங்கும். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால் இதய மருத்துவரிடம் கேளுங்கள், இரண்டும் ஆகாது.

சாப்பாடுதான் நம் ஊரில் பெரிய சோதனை. கல்யாண வீடு என்றால் சீப்புச் சீடையும் மனகோலமும் தட்டு தட்டாக வரும். ஆட்டம் காணும் பல் அதில் உடையும். எடுத்த பிறகு முதல் நாள் ஆறிய கஞ்சி, தயிர் சாதம், அப்புறம் இடியாப்பம். கவுனி அரிசி மெதுவாகத்தானே இருக்கிறது என்று அண்ணன் இரண்டாம் நாளே ஒரு கிண்ணம் சாப்பிட்டார். ஒரு பருக்கை பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கும்மாயம் பரவாயில்லை, சர்க்கரை இல்லாதவருக்கு. கோழியும் மிளகும் ஒரு வாரம் கழித்து.

பந்தி முடிந்ததும் வெற்றிலைத் தட்டு வரும். பாக்கை இப்போதாவது விடுங்கள். பல வருடம் பாக்கு மென்ற சிலருக்கு வாய் முழுதாகத் திறக்காது; மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டையில் குழாய் இறக்குவது கடினம் ஆகும். அப்படி இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆடும் பல் இருந்தாலும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் கழன்று மூச்சுக்குழாயில் விழுந்துவிடக் கூடாது.

திரும்பும்போது கடிதம் ஆங்கிலத்தில், தேதியோடு, எந்தப் பல் என்ற எண்ணோடு இருக்க வேண்டும். வாயில் இப்போது தொற்று இல்லை என்ற வரி முக்கியம். இங்கே 36 என்று எழுதினால் இடது கீழ் முதல் கடைவாய்ப் பல். மலேசியாவில் அப்படியே புரியும். அமெரிக்காவில் அதே பல்லுக்கு எண் 19. ஆகவே அங்கே போகிறவர்கள் பல்லின் பெயரையும் எழுதி வாங்குங்கள். ஓ.பி.ஜி. படத்தை போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வு மாற்றிய பிறகு ஈறைத் தொடும் எந்தப் பல் வேலைக்கும் முன்னால் ஒரே ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் உண்டு. பென்சிலின் ஒவ்வாமை இல்லாத பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம், வேலைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. ஐந்நூறு மில்லிகிராம் காப்ஸ்யூல் என்றால் நான்கு. மருத்துவர் எழுதித் தந்தால்தான். அண்ணனின் சீட்டு, அண்ணமிண்டியின் பாஸ்போர்ட் பைக்குள், திருமண அழைப்பிதழ்களுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த மூன்று பல்லின் இடம் இன்னும் காலிதான்.