வன்னியில் வளர்ந்த சகோதரங்கள் சேர்ந்து குடும்ப வரலாறு எழுதுவது எப்படி

எந்த ஆண்டு என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் வாக்குவாதம் வந்துவிடும். இலங்கையின் வடக்கே, போரால் ஊர் ஊராக இடம்பெயர்ந்த வன்னியில் வளர்ந்தவர்கள் காலத்தை இடத்தால்தான் சொல்வார்கள்: “மல்லாவியில இருக்கேக்க”, “விசுவமடுவுக்கு வந்தாப் பிறகு”. ஆகவே முதலில் குடும்பம் இருந்த இடங்களை வரிசைப்படுத்துங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி) போதும். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரெதிரே இரண்டு பக்கம்: இடப்பக்கத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டது, வலப்பக்கத்தில் ஒத்துவராதது. யாருடைய வளவு, எதில் சாமான் ஏற்றி வந்தது, யார் எத்தனையாம் வகுப்பு, வயலில் நாற்றா கதிரா என்பவற்றை எழுதுங்கள். இடையில் வெற்றுப் பக்கங்களும் விடுங்கள். இரண்டு கிழமை மட்டும் தறப்பாளுக்குக் (தார்ப்பாய்க்கு) கீழே கிடந்த இடங்கள் பிந்தித்தான் நினைவுக்கு வரும்.

ஆண்டுகளைப் பிறகு பொருத்தலாம். யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வந்த குடும்பம் என்றால், சனம் மொத்தமாக வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் 30. கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியது 1996 யூலைக்குப் பின். இராணுவத்தின் ஜெயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கியது 1997 மே 13. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதை திறந்தது 2002 ஏப்ரல், மூடியது 2006 ஓகஸ்ட். கடலோரத்தவர்களுக்கு 2004 டிசம்பர் 26 சுனாமி தனி எல்லைக்கல். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பெற்றோரிடம் இனக்கலவரம் நடந்த 1958, 1977, 1983 என்ற மூன்றையும் கேட்க வேண்டும். மாதம் பிடிக்க வற்றாப்பளைப் பொங்கல் (வைகாசி), மடுத் திருநாள் (ஓகஸ்ட் 15), காலபோக (பெரும்போக நெல்) அறுவடை ஆகியவை நாட்காட்டியைவிட உதவும்.

அதிகம் குழம்புவது 1996ஆம், 2008ஆம் ஆண்டு இடம்பெயர்வுகள். கிளிநொச்சியை விட்டு இரண்டு முறை ஓடியவர்களின் நினைவில் அவை ஒன்றாகிவிடும். முதல் தடவை அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் பலர் போனார்கள்; இரண்டாவதில் தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று கிழக்கே. எந்தத் திசையில் போனீர்கள் என்று கேட்டால் பாதிச் சிக்கல் தீரும். மணிக்கணக்கிலும் ஒரு பொறி உண்டு. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை அரசின் நேரம் முன்தள்ளியிருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் பழைய நேரம்தான். வவுனியாவில் நின்ற அண்ணர் சொல்லும் ஏழு மணியும் உள்ளே நின்ற தங்கச்சி சொல்லும் ஆறரையும் ஒன்றாக இருக்கலாம்.

நினைவுகளைத் தனித்தனியே எடுங்கள். குழு அழைப்பில் எல்லோரையும் சேர்த்தால் மூத்தவர் சொல்வதே முடிவாகும், கடைக்குட்டி “ஓம் ஓம்” என்று தலையாட்டும். ஒருவர் ஓர் இடத்தைப் பற்றி மட்டும், பத்துப் பதினைந்து நிமிடம், வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பட்டும். எல்லாம் வந்து சேரும்வரை ஒருவருடையதை மற்றவர் கேட்கக் கூடாது. ஒவ்வொன்றையும் “அக்கா, மல்லாவி, 1” என்று பெயரிட்டு உடனே வேறிடத்தில் சேமியுங்கள். போன் மாறினால் பதிவும் போய்விடும்.

அடுத்தது வளவுப் படம். ஆளுக்கொரு ஏ4 தாள், ஆளுக்கொரு நிறப் பேனை. படலையிலிருந்து தொடங்கிக் கிணறு, குசினி, மாட்டுக்கொட்டில், பங்கர் (பதுங்குகுழி), பெரிய மரம் என்று கீற வேண்டும். பிறகு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கிணறு ஒருவருக்கு இடப்பக்கமும் மற்றவருக்கு வலப்பக்கமும் வந்தால், ஒருவர் பின்படலையால் பள்ளிக்கூடம் போனவராக இருப்பார். மரமும் கிணறும் இரண்டுமே மாறினால் அது பெரும்பாலும் வேறு வளவு. இந்தத் தாள்களில் கிடைக்கும் விவரம் கேள்விகளில் கிடைக்காது.

கடதாசிகளில் முதலிடம் பாடசாலை விடுகைப் பத்திரத்துக்கு: சேர்ந்த நாளும் விலகிய நாளும் அதில் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் உள்ள இடம் ஆஸ்பத்திரி இருந்த இடம். வீடு வேறெங்கோ இருந்திருக்கும். காணி உத்தரவுப்பத்திரத்தின் திகதியைக் குடியேறிய திகதியாக எடுக்காதீர்கள். காடு வெட்டியது அதற்குப் பல வருடங்கள் முந்தியும் இருக்கலாம். செத்தவரின் முப்பத்தொராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டில் (நினைவுப் புத்தகத்தில்) வம்சாவளி கிடைக்கும். ஆனால் அது முப்பத்தொரு நாளுக்குள் அவசரமாகச் சேர்த்தது, பெயர்கள் விடுபட்டிருக்கும்.

ஒத்துவராததைச் சமரசம் செய்து ஒரே வசனமாக்க வேண்டாம். “அக்கா சொல்வது இப்படி, தம்பி சொல்வது இப்படி” என்று பெயரோடு விடுங்கள். சின்னவர் சொல்வது பார்த்ததா, அம்மா சொல்லிக் கேட்டதா, ஆல்பத்தில் கண்டதா என்றும் ஓரத்தில் குறியுங்கள்.

2009 சனவரிக்குப் பிந்திய, போரின் கடைசி மாதங்களுக்கான பக்கங்களை யாரும் யாரையும் நெருக்கி நிரப்பக் கூடாது. ஒருவர் நிறுத்தினால் அன்றைக்கு அவ்வளவுதான். காணாமல் ஆக்கப்பட்டவரைப் பற்றி “நல்லாப் பாடுவான்” என்று எழுதுங்கள், “பாடினான்” என்று எழுதாதீர்கள், அம்மாவும் வாசிப்பார். கடைசியாகக் கண்ட இடத்தையும் நாளையும் ஊகித்து நிரப்ப வேண்டாம், ஏற்கெனவே கொடுத்த முறைப்பாட்டோடு முரண்படும்.

முடிந்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். மூலக் கொப்பி ஊரில் இருப்பவரிடம் இருக்கட்டும். கிணறு எந்தப் பக்கம் என்று போய்ப் பார்க்கக்கூடியவர் அவர்தான்.