திருவனந்தபுரமா, தூத்துக்குடியா? தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. சென்னைக்குப் பறக்க வேண்டுமானால் திருவனந்தபுரம் போக வேண்டும், இல்லையென்றால் தூத்துக்குடி வாகைக்குளம். எது சுருக்கம் என்று எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் பேச்சு வரும். அதைக் கண்டுபிடிக்கிற வழியை எனக்குக் கற்றுத் தந்தவர் அப்பா. குளச்சலில் வள்ளம் வைத்திருந்தவர், விமானத்தில் ஏறியதே இல்லை.

கடலில் ஜி.பி.எஸ். காட்டும் எண்ணை வைத்துத்தான் அவர் தூரம் சொல்வார். வடக்கு தெற்காக 1 டிகிரிக்கு 60 மினிட்; இந்த மினிட் நேரமில்லை, டிகிரியின் பங்கு. 1 மினிட் போனால் 1 கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். விமானிகளும் தூரத்தைக் கடல் மைலில்தான் அளக்கிறார்கள், வேகத்தை நாட் கணக்கில்தான் சொல்கிறார்கள்; 1 நாட் என்றால் மணிக்கு 1 கடல் மைல். அதனால் வள்ளத்துக்குப் போடும் கணக்கு விமானத்துக்கும் அப்படியே பொருந்தும்.

திருவனந்தபுரம் விமான நிலையம் வடக்கு 8 டிகிரி 29 மினிட், கிழக்கு 76 டிகிரி 55 மினிட். சென்னை 12 டிகிரி 59 மினிட், 80 டிகிரி 10 மினிட். வடக்கே 270 மினிட் வித்தியாசம், அது 270 கடல் மைல் (இனி மைல் என்றால் கடல் மைல்தான்). கிழக்கே 195 மினிட். ஆனால் கிழக்கு மேற்குக் கணக்கில் ஒரு மினிட் முழு மைல் ஆகாது, பூமி துருவத்தை நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறதே. நம் பகுதிக்கு 0.98 ஆல் பெருக்கினால் போதும்: 191 மைல். இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 331 மைல், 613 கிலோமீட்டர். தூத்துக்குடிக்கும் இப்படியே போட்டால் 285 மைல், 528 கிலோமீட்டர் வரும்.

தம்பி ஒருமுறை, "தூத்துக்குடிதான் சென்னைக்குக் கிட்ட" என்று சொல்லி அங்கிருந்து டிக்கெட் போட்டான். தூரத்தில் அவன் சொன்னது சரி. நேரத்தில்தான் தவறியது, அவன் ஏறியது விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம். அதன் வேகம் 275 நாட் அளவு; ஏர்பஸ் 320 போன்ற ஜெட் சுமார் 450 நாட். மைலை நாட்டால் வகுத்து, ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, சுற்றி இறங்குவது எல்லாவற்றுக்குமாக அரை மணி சேருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஜெட்டில் ஒன்றேகால் மணி, தூத்துக்குடியிலிருந்து ஏ.டி.ஆரில் ஒன்றரை மணி. அதனால் டிக்கெட் எடுக்கும்போது விமானத்தின் வகையையும் பாருங்கள். எதிர்க்காற்று இருந்தால் வள்ளத்துக்குப் போலவே இதற்கும் சில நிமிடம் கூடும்.

அப்புறம் சாலை. குளச்சலிலிருந்து வாகைக்குளம் 100 கிலோமீட்டருக்கு மேல். ஆரல்வாய்மொழி தாண்டிவிட்டால் நான்குவழிச் சாலை, வண்டி ஓடும். திருவனந்தபுரத்துக்கு அதில் பாதியை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் மூன்று இடத்திலும் நின்று நின்றுதான் போக வேண்டும். நான் இரண்டு மணி நேரம் ஒதுக்குவேன். அங்கே டெர்மினல் 1 சங்குமுகம் பக்கம், டெர்மினல் 2 சாக்கை பக்கம்; நடுவில் ஓடுபாதை கிடக்கிறது, மாறிப் போனால் சுற்றித்தான் வர வேண்டும். டிக்கெட்டில் எந்த எண் என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

உள்நாட்டு விமானத்துக்குக் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். 10 மணி விமானம் என்றால் எங்கள் வீட்டுக் கார் ஆறரைக்குக் கிளம்பியிருக்கும்.