கட்சியைக் கேட்காதீர்கள், அரிசி விலையைக் கேளுங்கள்
சிங்கப்பூர் டார்மிட்டரியில் பக்கத்துக் கட்டில் பங்களாதேஷ்காரர் அரசியல் பேசினால், "நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்காதீர்கள். "ஊர்ல அரிசி என்ன விலை, கரண்ட் ஒழுங்கா வருதா?" என்று கேளுங்கள்.

கட்சியைக் கேட்டால் தலைவருக்கு வக்காலத்து வாங்கத்தான் தோன்றும். விலைவாசியைக் கேட்டால் வீட்டு நிலவரம் வரும். அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பது அதிலேயே விளங்கிவிடும். 2024 ஆகஸ்டில் பங்களாதேஷ் பிரதமர் ஷேக் ஹசீனாவின் ஆட்சி போராட்டத்தில் கவிழ்ந்ததைப் பற்றி ஒரே அறையில் நேரெதிர் கருத்துகள் இருக்கலாம். இரண்டையுமே கேட்க வேண்டும், அத்தனை விஷயம் இருக்கிறது.

அந்தப் போராட்டக் கலவரத்தில் சொந்தத்தை இழந்தவரிடம் இந்தக் கேள்வி கூடாது. அவர் பேசட்டும், நாம் கேட்போம். இதெல்லாம் அறைப் பேச்சுக்கு மட்டும். சிங்கப்பூரில் பொதுக்கூட்டங்கள் நடக்கும் இடமான ஹாங் லிம் பூங்காவில் அரசியல் கூட்டம் நடந்தால் பக்கத்தில்கூட நிற்காதீர்கள். அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமானது, ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு அல்ல.