சர்க்கரை இலக்கை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பது எப்படி

"எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்று இரவு ஜெபித்துவிட்டு, விடிந்ததும் எடை மெஷினில் ஏறி முகம் வாடுகிறவர்கள் நம் சபைகளில் ஏராளம். எதை ஒப்புக்கொடுப்பது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது என்று பிரிக்காததால் வரும் தடுமாற்றம் இது. 1 கொரிந்தியர் 3:6-ல் பவுல் தெளிவாகப் பிரிக்கிறார். அவர் நட்டார், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், விளையச்செய்தவரோ தேவன். டைப் 2 சர்க்கரை உள்ளவர்களும், "பார்டரில் இருக்கிறது" என்று டாக்டர் சொன்னவர்களும் இதை அன்றாடத்தில் கடைப்பிடிக்க ஒரு வழி உண்டு.

ஒரு நோட்டில் எதிரெதிரான இரண்டு பக்கங்களைத் திறந்துகொள்ளுங்கள். இடது பக்கத்தில் எதிர்பார்ப்புகளை மறைக்காமல் எழுதுங்கள். "ஈஸ்டருக்குள் எச்பிஏ1சி (சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.5-க்கு வரணும்." "மகள் கல்யாணத்துக்குள் எட்டு கிலோ குறையணும்." "மாத்திரையே வேண்டாம் என்று ஆகணும்." ஒவ்வொன்றின் கீழும் "ஏன்?" என்று கேட்டு, வருகிற பதிலையும் எழுதுங்கள். இங்கே அவசரம் கூடாது. "அப்பா டயாலிசிஸ் வரை போனார், எனக்கும் அப்படி ஆகிவிடுமோ?" "நாத்தனார் முன்னால் இந்த உடம்போடு நிற்க வெட்கமாக இருக்கிறது." "ஊழியம் செய்கிறவருக்கே வியாதியா என்று பேசுவார்களே." பெரும்பாலும் இப்படி ஒரு பயமோ வெட்கமோதான் அந்த எண்ணுக்கு அடியில் கிடக்கும். எண்ணை மட்டும் ஒப்புக்கொடுத்து இதை விட்டுவைத்தால், சர்க்கரை இறங்கின பிறகும் நிம்மதி வராது.

வலது பக்கத்தில் நீங்கள் செய்யப்போகும் வேலை மட்டும், அளவோடு. வாரம் 150 நிமிடம் வேகநடை, அதாவது ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, வேகம் அவ்வளவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் நடந்தால் அந்த வேளை ஏறும் சர்க்கரை குறையும். தட்டில் பாதி காய், கால்வாசி பருப்போ மீனோ முட்டையோ, மீதி கால்வாசி சோறு. சோற்றைக் கரண்டியில் மதிப்பிடாமல் ஒரே கப்பால் அளந்து போடுங்கள், கை தாராளம் கண்ணுக்குத் தெரியாது. வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்தாலே ஆரம்பத்துக்குப் போதும். மாத்திரை நேரம், தூங்கும் நேரம் இரண்டையும் எழுதுங்கள். "எடை குறைக்க வேண்டும்" என்ற வரி இந்தப் பக்கத்தில் வரக் கூடாது. அது விளைவு, இடது பக்கத்துக்குரியது.

இனி ஜெபம். கெத்செமனேயில் இயேசு முதலில் கேட்டார், பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு விட்டார். ஆகவே எண்ணைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இடது பக்கத்தின் மேல் கையை வைத்து இப்படிச் சொல்லலாம்: "ஆண்டவரே, என் எச்பிஏ1சி 7-க்குக் கீழே வர ஆசைப்படுகிறேன், உம்மிடம் கேட்கிறேன். அந்த எண்ணும் அது வரும் நாளும் உம்முடைய கையில். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமோ என்ற பயத்தையும் தந்துவிடுகிறேன். இன்றைய நடைக்கும் சாப்பாட்டுக்கும் பெலன் தாரும்." காலையில் இரண்டு நிமிடம் போதும். "குறைந்தால் சாட்சி சொல்லுவேன், காணிக்கை போடுவேன்" என்று பொருத்தனை பண்ண வேண்டாம். ஒருபக்கம் ஒப்புக்கொடுத்ததை மறுபக்கம் பேரம்பேசித் திரும்ப வாங்குவதாகிவிடும்.

முழு முயற்சி எடுத்தும் பலன் நம் கையில் இல்லை என்பதை மருத்துவமும் காட்டுகிறது. அமெரிக்காவில் 2002-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பார்டர் சர்க்கரை உள்ளவர்கள் உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்கோடு முயன்றார்கள். சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உழைப்பு வீணல்ல என்பதற்கு இதைவிட நல்ல செய்தி வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் குழுவிலும் சிலருக்கு நோய் வரத்தான் செய்தது.

கவலைப்படும்படி தவறுகிற இடம் ஒன்று உண்டு: விசுவாசத்தைக் காட்ட மாத்திரையை நிறுத்துவது. எசேக்கியா அழுது ஜெபித்தான், தேவன் கேட்டார். அதற்குப் பிறகும் பிளவையின்மேல் அத்திப்பழ அடை வைக்கப்பட்டது (2 இராஜாக்கள் 20:7). ஜெபமும் மருந்தும் அங்கே ஒன்றாகவே நடக்கின்றன. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான்.

லெந்து கால உபவாசத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். வியர்த்துக் கை நடுங்கினாலோ, மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினாலோ, உபவாசத்தை அப்போதே முடித்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. இப்படிப்பட்டவர்கள் உணவுக்குப் பதில் செல்போனையோ சீரியலையோ உபவாசமாக விடுவது முற்றிலும் தகும்.

இன்னொன்று, கெடு. சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை 46 நாள்தான். எச்பிஏ1சி காட்டுவதோ ஏறத்தாழ கடந்த மூன்று மாதச் சராசரி. லெந்தில் தொடங்கி ஈஸ்டரில் டெஸ்ட் எடுத்தால் பழைய நாட்களும் அதில் கலந்து வரும், முயற்சி பலிக்கவில்லை என்று மனம் சோர்ந்துபோகும். மூன்று மாதம் முடியட்டும். எடையும் அப்படித்தான்: உப்பு, சோறு, மலச்சிக்கல் என்று ஒரு கிலோ இரண்டு கிலோ ஏறி இறங்கும். வாரம் ஒரு முறை, சனிக்கிழமை காலை பாருங்கள். ஞாயிறு காலை வேண்டவே வேண்டாம், ஆராதனைக்கு அந்த எண்ணோடுதான் போய் உட்காருவீர்கள்.

அசன விருந்தில் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் பட்டினி கிடந்து பழிதீர்க்க வேண்டாம். அடுத்த வேளையே வலது பக்கத்துக்குத் திரும்புங்கள்.

ரிப்போர்ட் வரும் நாளில், கவரைப் பிரிக்கும் முன் காலை ஜெபத்தையே சொல்லுங்கள். எண் கூடியிருந்தால் முதலில் பாவத்தைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது? காய்ச்சலோ, ஸ்டீராய்டு மருந்தோ இருந்ததா? இரும்புச்சத்துக் குறைவான இரத்தசோகை இருக்கிறதா? அது எச்பிஏ1சியை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். வருடங்கள் போகப் போக கணையத்தின் இன்சுலின் சுரப்பும் குறைவதால், ஒழுங்காக இருப்பவர்களுக்கும் மருந்து கூடலாம். மூன்று முறை வேண்டிக்கொண்ட பவுலுக்கே சரீரத்தில் இருந்த முள் நீங்கவில்லை, கிருபைதான் கிடைத்தது. மருந்து கூடினதை விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

பிறகு இடது பக்கத்தில் அந்த எண்ணையும் தேதியையும் எழுதி, புதிய எதிர்பார்ப்பைப் பழையபடி கேட்டு ஒப்புக்கொடுங்கள். வலது பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று அடுத்த ரிப்போர்ட்டில் கண்டுபிடிக்க முடியாது.